கழுத்தளவுத் தண்ணீரும் கெலா மீனும்

சித்திரை மாதத்துக் காலை. ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆற்றங்கரையில் மஞ்சள் உடுத்திய கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. என் அண்ணன் சிங்காரம் கழுத்தளவுத் தண்ணீரில், கரகச் செம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். முதல் முழுக்குக்கு மூச்சை உள்ளே இழுக்கிறார்.

அப்போதுதான் கீழே, மணல் மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில், 'தொப்' என்று ஒரு சத்தம்.

ஈரச் சாக்கைக் கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொப். பிறகு அடுத்தடுத்து.

உறுமிக்காரர் கையை நிறுத்திவிட்டார். "என்னாது லா அது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையோரம் நின்றிருந்தேன். எட்டிப் பார்த்தேன். மூட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், நுரைக்குள்ளிருந்து செம்பு நிறத்தில் ஏதோ ஒன்று எழும்பிச் சாக்கில் மோதித் திரும்பவும் தண்ணீரில் விழுந்தது. மீன். முழங்கை நீளம் இருக்கும்.

மேலே சொல்வதற்கு முன்னால் அந்த மூட்டைகள் அங்கே எப்படி வந்தன என்று சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்னால் அணை. அணைக்கும் முன்னால் அப்பாவின் புளுகு. என் கதையைக் கேட்க ரொம்பப் பொறுமை வேண்டும் என்பார் என் வீட்டுக்காரர் அந்தோணி. அவர் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பாவம்.

செதிலோடு சாப்பிட்டவர்

சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில், ஏழாவது மைலில் எங்கள் தோட்டம். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. நடுவில் ஒரு மாரியம்மன் கோயில், அதன் பின்னால் ஆறு.

ஆற்றின் நடுவே இரண்டு பெரிய பாறைகள் உண்டு. ஒரு லாரி நுழையும் அகலத்துக்கு அவற்றுக்கிடையே சந்து. வெள்ளைக்காரர் காலத்தில் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்தச் சந்தை அடைத்து ஒரு சுவர் எழுப்பினார்கள். அதைத்தான் நாங்கள் அணை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இந்திரலோகத்து அணை மாதிரி அதற்கு அப்படி ஒரு மரியாதை. உண்மையில் ஆள் உயரம்தான்.

ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாமும். குளித்தது அங்கே, துவைத்தது அங்கே, பெண் பார்க்க வருவதற்கு முன்னாடியே பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைகளும் அங்கேதான் ஒளிந்திருந்தார்கள். ஆலையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் காடித் தண்ணீரின் நாற்றம் மூக்கைச் சுள்ளென்று குத்தும். எங்களுக்கு அது நாற்றமாகவே தெரியாது. ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகுதான் தண்ணீருக்கு வாசனை கிடையாது என்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் குட்டையில் கெளுத்தியும் திலாப்பியாவும் கிடைக்கும். அம்மா சம்பால் வைத்தால் சேற்று வாடை மிளகாயையும் மீறிக்கொண்டு வரும். அதைச் சாப்பிடும்போதெல்லாம் அப்பா ஆரம்பித்துவிடுவார்.

"இதெல்லாம் ஒரு மீனா? அணை கட்டாததுக்கு மின்ன, நா சின்னப் புள்ளயா இருக்கறப்ப, மொத மழ பேஞ்சதும் கெலா ஏறி வரும் பாரு. ஆறே செவப்பா இருக்கும். ஒரு செதில் இத்தாச்சோடு இருக்கும்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவார். பால் மரம் வெட்டி வெட்டித் தோல் தடித்த விரல்கள்.

"செதிலச் செரைக்கவே கூடாது. செதிலோடயே பொரிச்சுச் சாப்புடணும்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மீனைச் செதிலோடு யாராவது தின்பார்களா? லயம் முழுக்க இது பரவிவிட்டது. யாராவது கொஞ்சம் அளந்து விட்டால் போதும், "என்னா, செதிலோட சாப்புட்டியா?" என்று கேட்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் விரல் வளையத்தை மட்டும் ஒருநாளும் சிறிதாக்கவில்லை. ஒருவரும் நம்பாமலேயே போய்ச் சேர்ந்தார்.

எங்க ஆத்தாளுக்கு?

ஆலை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் தகரக் கூரையைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர் மட்டும் வேலை இல்லாமல் ஆற்றில் நின்றது. அதில் விரிசல் விட்டது. பெருமழையில் ஒருநாள் உடைந்தால் கீழே இருக்கிறவர்களுக்கு ஆபத்து, நாமே எடுத்துவிடுவோம் என்று தோட்டத்தை இப்போது வைத்திருக்கும் கம்பெனி முடிவு செய்தது. மேலே மலையடிவாரத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கும் ஒராங் அஸ்லி பழங்குடிகளும் ரொம்பக் காலமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆற்றில் மீனே இல்லை. எங்கள் சுவரைத் தாண்டி ஏற எந்த மீனாலும் முடியவில்லை.

கூட்டம் போட்டு எங்களையும் கூப்பிட்டார்கள். அதிகாரிகள் படம் போட்டுக் காட்டினார்கள். மீன் கீழே பெரிய ஆற்றில் வாழும், மழை வந்ததும் மேலே ஏறும், தெளிந்த கல்லாற்றில் முட்டையிடும், பிறகு இறங்கும். படம் அழகாகத்தான் இருந்தது.

அண்ணன் எழுந்தார். "மீனுக்கு வழி வேணும், சரி. எங்க ஆத்தாளுக்கு?" என்று கேட்டார்.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவுமில்லை. எனக்குக் கோபம் வந்தது. மீன் வரட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் மீனுக்குப் படம் போடத் தெரிந்தவர்களுக்கு, எதிரில் நிற்கும் மனிதன் என்ன கேட்கிறான் என்று விசாரிக்கத் தெரியவில்லையே.

அண்ணன் கேட்டது இதுதான். எங்கள் கோயிலில் கரகம் பாலிக்கிற முறை ஒன்று உண்டு. கரகம் எடுப்பவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மூன்று முழுக்குப் போட வேண்டும். பிறகுதான் செம்பில் தண்ணீர் மொண்டு, பூ ஜோடித்து, கோயிலுக்குத் தூக்கிப் போக வேண்டும். வேறு தோட்டங்களில் குழாயடியிலேயே முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. எங்கள் ஆட்கள் அவர்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். சுவர் போனால் தண்ணீர் முட்டிக்கால் மட்டும்தான் நிற்கும்.

மண்வாரி இயந்திரம் வந்து சுவரைப் பெயர்த்தது. அத்தனை வருடச் சேறு கறுப்பாக இளகி ஓடியது. அதற்குள்ளிருந்து மங்குகள் கிளம்பின. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவோமே, அந்தப் பீங்கான் மங்குகள். உடைந்தும் உடையாமலும் கரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அண்ணன் ஒன்றைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேவா கேட்ட கேள்வி

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். லயத்தை இடித்ததும் சுங்கை சிப்புட்டில் மலிவு விலை வீட்டுக்குக் குடிபோனார். எங்கள் ஆட்கள் ஈப்போ, பீடோர், கிள்ளான், சிங்கப்பூர் என்று நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணன் தொலைபேசியோடு உட்கார்ந்துவிடுவார். ஒரு வீடு விடாமல் கூப்பிடுவார். வரவில்லை என்று சொன்னவனை வருகிறேன் என்று சொல்லும்வரை விட மாட்டார். கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகும் என்னையும் விட மாட்டார். "நீ சாமி கும்புட வாணாம். எண்ணிக்கைக்கு வா" என்பார்.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஏழாங்கட்டை என்று ஓர் ஊர் இருக்கும். சாயங்காலம் மறுபடியும் இல்லாமல் போய்விடும். அந்த ஒரு நாளைக் காப்பாற்றத்தான் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

சுவர் போன பிறகு கோயில் கமிட்டி காப்பிக் கடையில் கூடியது. செயலாளர் தேவா, எங்கள் லயத்துப் பையன்தான், இப்போது ஈப்போவில் ஏர்கோன் வேலை செய்கிறான், மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க லா. முங்கறதுக்குத் தண்ணி இல்ல. கார் நிறுத்த எடம் இல்ல. வயசானவங்க செம்மண்ணுல நடக்க முடியல. ஆத்தாள டவுன் கோயிலுக்கே கொண்டு போயிரலாமே. அங்க தனிச் சன்னதி குடுக்கறேங்கிறாங்க."

அவன் கெட்டவன் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு மனதில் அதுதான் இருந்தது, வாய் விட்டுச் சொன்னது அவன்.

அண்ணன் காப்பியைத் தள்ளி வைத்தார். "இந்த வருசம் அதே எடத்துல கழுத்தளவு தண்ணியில கரகம் பாலிச்சுக் காட்டறேன். முடியலன்னா நீங்க சொல்ற மாதிரி டவுனுக்குப் போவோம். அதுக்கப்பறம் நா வாயத் தொறக்க மாட்டேன்."

"அண்ணே, ஆத்துல தண்ணி இல்லயே."

"அது ஏம்பாடு."

அவருக்கு முன்கோபம். அப்பாவிடமிருந்து எனக்கு வாய் வந்தது, அவருக்கு வீம்பு வந்தது.

உரச் சாக்கு

திருவிழாவுக்கு முதல் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆற்றில் நின்றுகொண்டிருந்தார். செம்பனைக்குப் போடும் உரம் வந்த காலிச் சாக்குகள். அவற்றில் ஆற்று மணலை அள்ளிக் கட்டி, பழைய சுவர் இருந்த அதே சந்தில் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தார். கூட நாலைந்து பேர். பின்னால் தண்ணீர் எழும்பிக்கொண்டிருந்தது.

"என்னாண்ணே இது? கம்பெனி ஒடச்சத நீங்க கட்டறீங்களா?"

"ஒரு நாளைக்குத்தானே. நாளைக்கு மத்தியானம் அவுத்து விட்டுருவேன். வாயப் பொத்திக்கிட்டுச் சாக்கப் புடி."

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எழுபதை நெருங்குகிற மனிதர், இடுப்பில் வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு மணல் மூட்டை சுமக்கிறார். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். வேறென்ன செய்வது?

மலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் வராத மழை அன்று ராத்திரி கொட்டியது. "ஆத்தா தண்ணி குடுத்துட்டா பாரு" என்று அண்ணன் காலையில் முகமெல்லாம் பல்லாக நின்றார். குட்டை நிரம்பிச் சாக்குகளுக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. கழுத்தளவு. தேவா வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அது முதல் மழை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எத்தனை தரம் அதைக் கேட்டிருக்கிறோம்.

காப்புக் கட்டாதவர்கள்

இப்போது மறுபடியும் கரைக்கு வருகிறேன். தொப், தொப்.

மீன்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாக்குச் சுவரில் மோதின. சில தாவி உச்சியில் விழுந்து, சாக்குகளின் மேல் துடித்தன. சில பாறைமேல் விழுந்து வாயைத் திறந்து மூடின. செதில்கள் வெயிலில் தகதகவென்று மின்னின. கீழே நுரைக்குள் இன்னும் எத்தனையோ முதுகுகள் தெரிந்தன.

ஒருவரும் நகரவில்லை. நகர முடியாது. கரையில் நின்ற அத்தனை பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்பு. காப்புக் கட்டியவர்கள் விரதம் முடியும்வரை மீனைத் தொடக்கூடாது. அன்றைக்குப் பார்த்து ஆறு முழுக்க மீன். பிடிக்கவும் கூடாது, தூக்கி விடவும் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூசு வந்தார். மேலே கம்பத்தில் இருக்கும் ஒராங் அஸ்லிக்காரர். அண்ணனோடு அந்தக் காலத்தில் டிராக்டரில் வேலை செய்தவர். எங்களோடு பழகித் தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவார், எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அண்ணன் அழைப்பார், அவரும் அன்னதானத்துக்கு மோட்டார் சைக்கிளில் இறங்கி வருவார். அன்றைக்குத்தான் அவர் சாக்குகளைப் பார்த்தார்.

சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கிப் பாறைமேல் கிடந்த மீனை இரண்டு கையாலும் அள்ளிக் குட்டைக்குள் விட்டார். அடுத்தது. அதற்கடுத்தது.

எனக்குக் காப்பு இல்லை. கையிலிருந்த செருப்பைப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். சேலை நனைந்து காலைப் பின்னியது. ஒரு மீனைப் பிடித்தேன். கையில் ஓடு ஓடாக ஏதோ தட்டுப்பட்டது. வழுவழு என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன், இது அடுக்கு ஓடு மாதிரி இருந்தது. அதன் உயிர் என் முழங்கை வரை அதிர்ந்தது. அத்தனை பெரிய கூட்டத்தில் அந்த மீன்களைத் தொடக்கூடியவர்கள் ஒரு மலைக்காரரும் ஒரு வேதக்காரியும்தான்.

நாங்கள் இரண்டைத் தூக்கி விட்டால் நாலு வந்து விழுந்தன. பூசு மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சிங்காரோ! நாங்க ரெண்டு பேரு எத்தினி தூக்கறது? அது முட்ட வெச்சிருக்கு. மேல போவணும் லா. மூட்டைய எடு."

அண்ணன் கழுத்தளவுத் தண்ணீரில், தலைக்கு மேல் செம்போடு நின்றார். இன்னும் ஒரு முழுக்குக்கூடப் போடவில்லை. மூட்டையை எடுத்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் அவர் கொடுத்த வார்த்தை போய்விடும், கோயில் டவுனுக்குப் போய்விடும், ஏழாங்கட்டை என்ற ஊர் அன்று சாயங்காலத்தோடு முடிந்துவிடும். கரையில் தேவா நிற்கிறான். எல்லோரும் அண்ணனையே பார்க்கிறார்கள்.

"மூணு முழுக்கு. சீக்கிரமாப் போட்டுட்டு எடுத்துருங்கண்ணே" என்று ஒருவர் கத்தினார். பூசாரி தண்ணீருக்குள் இறங்கி வந்தார்.

அண்ணன் மீன்களைப் பார்த்தார். பாறைமேல் ஒன்று துடிப்பதை நிறுத்தியிருந்தது. பிறகு செம்பைப் பூசாரி கையில் கொடுத்தார்.

"நாம மூணு முழுக்குப் போடற வரைக்கும் அது மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்கணுமா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சாக்குச் சுவரருகே போய் மேல் மூட்டையைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. நேற்று அவரேதான் இறுக்கி அடுக்கியிருந்தார்.

தொபுக்கடீர் என்று யாரோ குதித்தார்கள். தேவா. அவன் பின்னால் இன்னும் சிலர். காப்புக் கைகள்தான், மீனைத் தொடக்கூடாது, ஆனால் மூட்டையைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நடு மூட்டை பிடுங்கிக்கொண்டு போனதும் தண்ணீர் ஓ என்று இறங்கியது. அந்த வேகத்தை எதிர்த்துக்கொண்டு மீன்கள் ஏறின. அண்ணனின் தொடையிலும் வயிற்றிலும் இடித்துக்கொண்டு ஏறின. விரதம் முறிந்ததா இல்லையா என்று பூசாரியிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆறு பழைய ஆறாகிவிட்டது. முட்டிக்கால் தண்ணீர். அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது.

அண்ணன் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நடு ஆற்றுக்குப் போனார். மண்டியிட்டார். பிறகு அப்படியே மல்லாந்து படுத்தார். செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலை முழுக்க முங்கினார். எழுந்து உட்கார்ந்தார். மறுபடியும் படுத்தார். மூன்று தரம். இடுப்பு வலிக்காரர் கல்லின் மேல் படுத்து எழுந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டேன். ஏற்கெனவே தலை முதல் கால் வரை நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

உறுமி மறுபடியும் ஆரம்பித்தது.

கையில் கிடைத்தது

சாப்பாடெல்லாம் முடிந்து இலைகளை அள்ளிக்கொண்டிருந்தபோது அண்ணன் தேவாவைக் கூப்பிட்டார்.

"நா தோத்துட்டேன். டவுன்ல பேசிரு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

தேவா ஈரக் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டான். "என்னா பேச்சு போட்டோம்? கழுத்தளவு தண்ணிதானே?"

"ஆமா."

"நீங்க படுத்தப்ப கழுத்து முங்குச்சா இல்லையா லா? நாங்க எல்லாரும் பார்த்தோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. "அடுத்த வருசம் கார் நிறுத்த மட்டும் ஒரு வழி பண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தேவா இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

எல்லோரும் கிளம்பிய பிறகு நானும் அண்ணனும் பூசுவும் மிச்சச் சாக்குகளை அவிழ்த்து மணலைக் கொட்டினோம். நூல் பிரிந்த ஒரு சாக்கில் ஏதோ செருகிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை உருவி வெயிலில் பிடித்தார். ஒரு செதில். கண்ணாடி மாதிரி, ஓரத்தில் மட்டும் செம்பு நிறம்.

"பூசு, இத நீங்க எப்படிச் சாப்புடுவீங்க? செரச்சிட்டா?" என்று கேட்டேன்.

"செரைக்கறதா? கெலாவுக்கு யாரு செரைப்பா? செதிலோட பொரி. அதுதான் ருசி."

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டோம்.

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெதுவாக வளையமாகச் சேர்த்தார். அப்பாவுக்கு இருந்த அதே தடித்த விரல்கள். செதிலை அந்த வளையத்தின் மேல் வைத்தார். அது உள்ளே விழவில்லை. சுற்றிலும் விரல்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"மரகதம்," என்றார் அண்ணன். "அப்பா கொறச்சுத்தான் சொல்லிருக்காரு."